மறு: ஐட்லர் புல்லி – ‘சோம்பல் உருளை’ வேண்டாமே

நண்பர்களுக்கு வணக்கம். எஞ்சின் பெல்ட்டின் வழியில் சும்மா சுழன்றபடி அதைத் தாங்கிப் பிடிக்கும் சிறு சக்கரம் ‘ஐட்லர் புல்லி’. அதற்குத் தமிழ்ச் சொல் தேடும் இந்த இழையில் நண்பர் ஒருவர் எழுதியது:

> ஐட்ல் என்றால் சும்மா இருப்பது. ஆகவே ‘சோம்பல் உருளை’ அல்லது ‘செயலறு உருளை’.

ஒரு வாரமாக வாயைத் திறக்காமல் படித்துக்கொண்டிருந்தேன். இதற்கு மேல் முடியவில்லை. ‘உருளை’யை முதலில் எடுத்துவிடலாம். எஞ்சினைப் பற்றித் தமிழில் எழுதும்போது சிலிண்டருக்கு உருளை என்றுதான் எழுதுகிறோம். ‘நான்கு உருளை எஞ்சினில் உருளை தேய்ந்துவிட்டது’ என்று எழுதினால் படிப்பவர் பிஸ்டனைக் கழற்றப் போய்விடுவார். புல்லிக்குப் பள்ளிப் பாடத்திலேயே கப்பி இருக்கிறது, கிணற்றடியிலும் இருந்தது. அதுவே போதும்.

‘சோம்பல்’ ஏன் ஆகாது என்பதை என் மச்சானின் ஜீப்பை வைத்துச் சொல்கிறேன்.

பழைய ஜீப். வேறு டீசல் எஞ்சின் மாற்றி வைத்தது. பெல்ட்டால் சுழன்று மின்சாரம் தரும் 45 ஆம்பியர் ஆல்டர்னேட்டர் போதவில்லை என்று, கூடுதல் விளக்குகளுக்காக 90 ஆம்பியர் ஒன்றைப் போட்டார். அதற்கான பிராக்கெட்டை பெங்களூர் சிவாஜிநகரில் வெல்டிங் செய்து வாங்கினார். நான்கு மாதத்தில் மூன்று பெல்ட் போனது. முதலாவது சில்க் போர்டு சிக்னலில், சாயங்கால நெரிசலில். பேட்டரி விளக்கு சிவப்பாக எரிந்தது. வாட்டர் பம்ப்பும் அதே பெல்ட்டில்தான் ஓடுகிறது என்பதால் கொஞ்ச நேரத்திலேயே வெப்ப முள்ளும் ஏறத் தொடங்கிவிட்டது. ஜே.சி. ரோட்டில் ஒவ்வொரு முறையும் முந்தையதைவிட விலை கூடிய பெல்ட்டாகக் கொடுத்தார்கள். கேட்டவர் எல்லோரிடமும் மச்சான் சொன்ன ஒரே வாக்கியம், “ஃபேன் பெல்ட் அறுந்துபோச்சு.” (அந்த எஞ்சினில் ஃபேன் மின்சாரத்தில் ஓடுகிறது. ஃபேன் போய் எத்தனை காலமானாலும் பெயர் மட்டும் போகவில்லை. ஓட்டப்படும் பொருளை வைத்துப் பெயர் சூட்டினால் இதுதான் கதி.)

நல்லவேளை, செத்த பெல்ட்டுகளை அவர் தூக்கிப் போடவில்லை. அல்சூரில் எங்கள் மெக்கானிக் அண்ணன் அவற்றைத் தரையில் நீட்டிப் போட்டுக் காட்டினார். முதல் இரண்டிலும் ஒரு பக்க ஓரம் மட்டும் பிசிறி, நூல் நூலாகத் தொங்கியது. அது கப்பிகள் ஒரே நேர்கோட்டில் இல்லாததன் அடையாளம். பெல்ட்டை ஓட்டும் கிராங்க் புல்லி மீது நேர்ச்சட்டம் வைத்துப் பார்த்தோம். 200 மில்லிமீட்டர் தூரத்தில் ஆல்டர்னேட்டர் 4 மில்லிமீட்டர் வெளியே தள்ளி நின்றது. கணக்குப் போட்டால் ஒரு பாகைக்கு மேல். உட்பக்கம் நீளவாக்கில் பல வரிகள் ஓடும் இந்தப் பல்வரி பெல்ட்டுக்கு அது ரொம்ப அதிகம்.

வாஷர் கொடுத்து அதைச் சரிசெய்த பிறகு போட்டது மூன்றாவது பெல்ட். இதில் ஓரம் சுத்தமாக இருந்தது. ஆனால் வரிகள் கண்ணாடிபோல் மினுங்கின, கூடவே கருகல் நாற்றம். இது வழுக்கிச் செத்த பெல்ட். கடைசி நாட்களில் அது அலறியபோது வரிகள் மேல் தண்ணீர் தெளித்துப் பார்த்தோம், அலறல் கூடியது. நேர்கோடு பிசகியிருந்தால் தண்ணீர் பட்டதும் சத்தம் சற்று நேரம் அடங்கும். கூடினால் பிடிமானம் போதவில்லை என்று அர்த்தம்.

ஏன் போதவில்லை? 14 வோல்ட்டில் 90 ஆம்பியர் என்றால் 1,260 வாட். ஆல்டர்னேட்டரின் சொந்த இழப்பையும் சேர்த்தால் பெல்ட் 2 கிலோவாட்டுக்கு மேல் இழுக்க வேண்டும். அவ்வளவையும் வாங்குவது 56 மில்லிமீட்டர் விட்டமுள்ள சின்னக் கப்பி. அண்ணன் தையல் நூலை எடுத்து, பெல்ட் அதைத் தொடும் இடத்தை மட்டும் அளந்தார்: 59 மில்லிமீட்டர். முழுச்சுற்று 176. அதாவது மூன்றில் ஒரு பங்கு, 120 பாகை.

பிறகு பெல்ட்டின் முதுகுப்பக்கம், தொய்வான ஓட்டத்தில், வழவழப்பான ஒரு ஐட்லரை வைத்து உள்ளே அழுத்தினார். ஒரு அளவு பெரிய பெல்ட் தேவைப்பட்டது. மறுபடி நூலை வைத்தால் 88. அரைச்சுற்று!

கம்பத்தில் கயிற்றைச் சுற்றி மாட்டைப் பிடித்தவருக்கு இந்தச் சூட்சுமம் தெரியும்: சுற்று கூடினால் பிடி கூடும். உராய்வு எண் 0.3, தட்டையான பெல்ட் என்று வைத்துக்கொண்டால், 120 பாகையில் இறுக்கப் பக்கத்து இழுப்பு தொய்வுப் பக்கத்தைப்போல் 1.87 மடங்கு வரை போகலாம். அதற்கு மேல் வழுக்கும். 180 பாகையில் அதுவே 2.57 மடங்கு. வரிகள் உள்ள பெல்ட்டில் எண்கள் மாறும், போக்கு மாறாது. இதைச் செய்துகொடுத்ததைப் போய் சோம்பேறி என்கிறீர்களே.

> அப்படியானால் ‘தழுவுகப்பி’?

நேற்று வரை நானும் இதைத்தான் சொல்ல இருந்தேன். பெல்ட் கப்பியை அணைத்திருக்கும் கோணத்துக்குத் ‘தழுவு கோணம்’ என்பது அருமையான சொல், அதை விடவே கூடாது. ஆனால் ஐட்லர் எல்லா இடத்திலும் தழுவலைக் கூட்டுவதற்காக இருப்பதில்லை. சில எஞ்சின்களில் பெல்ட்டை வேறு வழியாகத் திருப்பிவிட மட்டும் இருக்கும். சிலவற்றில் நீண்ட ஓட்டம் படபடக்காமல் பிடித்துக்கொள்ள.

என் பரிந்துரை ‘இடைக்கப்பி’. ஓட்டுவதற்கும் ஓட்டப்படுவதற்கும் இடையில் நிற்பது, தான் எதையும் ஓட்டாதது. ஐட்லர் கியருக்கும் ‘இடைப்பற்சக்கரம்’ என்று அதே அடியில் சொல் கிடைத்துவிடும். பெல்ட்டைத் தொய்யாமல் வைக்கும் டென்ஷனருக்கு ‘இறுக்கி’ போதும், சுருள்வில் வைத்துத் தானே இறுக்குவது ‘தானிறுக்கி’. பெல்ட்டை பெல்ட்டாகவே விடுவோம். வார் என்றால் எனக்குச் செருப்புதான் ஞாபகம் வருகிறது.

கூடவே ஒரு வேண்டுகோள். பாகங்களுக்குப் பெயர் வைப்பதோடு பழுதுகளையும் பிரித்து எழுதுவோம். பிசிறியதா, வழுக்கியதா, கழன்றதா, அறுந்ததா? நான்கு சொல்லும் கையிலேயே இருக்கின்றன. மச்சான் ‘பிசிறிப்போச்சு’ என்று சொல்லியிருந்தால் இரண்டாவது பெல்ட்டின் காசு மிச்சம்.

இன்று காலை அண்ணனிடமும் சொல்லிப் பார்த்தேன். அவர் கடையில் தமிழ், கன்னடம், இந்தி, உருது எல்லாம் புழங்கும். அங்கே ஐட்லருக்குப் பெயர் ‘டம்மி’. “இடைக்கப்பியா?” என்று ஒருமுறை சொல்லிப் பார்த்துக்கொண்டார். அப்புறம் கையைத் துடைத்தபடி, “சரி, அந்த இடைக்கப்பிக்கு பேரிங் 6203 தானே? ரெண்டு வாங்கிட்டு வாங்க” என்றார்.