மறு: மறு: ஃபேசியாவுக்குத் தமிழ், வெள்ளிக்கிழமை அச்சுக்குப் போகுது

எல்லாருக்கும் வணக்கம்,

ஞாயித்துக்கிழமை செந்தூல்ல கோயில் மண்டபத்துல வயசானவங்களுக்கு மையோஃபேசியல் ரிலீஸ் வகுப்பு, அதாவது தசைய மூடியிருக்கிற மெல்லிசுப் படலமான ஃபேசியாவோட இறுக்கத்த அழுத்திப் பிடிச்சு விடுவிக்கிற பயிற்சி. கைநோட்டீஸ் வெள்ளிக்கிழமை காலையில அச்சுக்குக் கொடுக்கணும். மலாய்ப் பக்கம் பெலெப்பாசான் மியோஃபாசியான்னு ஒரே நாள்ல முடிஞ்சிருச்சு, நம்ம பக்கம் மட்டும் தலைப்பு இன்னும் காலியா கிடக்குது.

> லத்தீன்ல ஃபாசியான்னா கட்டு, பட்டை. தமிழ்ல கச்சு. ஆகவே கச்சிழையம்.

பினாங்கு ஐயா, லத்தீன் பொருள் சரிதான், மறுக்கல. ஆனா கச்சு வெளியே கட்டுறது, ஃபேசியா வெளியே மட்டும் இல்லையே. ஒரு தம்பூன் பம்பளிமாஸ் உரிச்சுப் பாருங்க. தோலுக்கு அடியில வெள்ளைப் பஞ்சு, அப்புறம் ஒவ்வொரு சுளையையும் மூடுற தோலு, சுளைய பிச்சா உள்ள இருக்கிற ஒவ்வொரு முத்துக்கும் தனியா ஒரு மெல்லிசு. தசையும் அப்படித்தான், முழுத் தசைக்கு ஒண்ணு, உள்ள இருக்கிற கத்தைக்கு ஒண்ணு, ஒவ்வொரு நாருக்கும் ஒண்ணு, எல்லாம் ஒண்ணோட ஒண்ணு தொடர்ச்சி. அதனாலதான் ஈப்போ அண்ணன் சொன்ன தசையுறையும் எனக்கு ஒட்டல, தலகாணி உறை மாதிரி கழட்டிடலாம்னு தோணும், அதோட குதிகால்லேர்ந்து விரல் அடி வரைக்கும் ஓடுற உள்ளங்கால் பட்டைய எந்தத் தசையோட உறைன்னு சொல்றது? டிஷ்யூவுக்கு இழையமா திசுவாங்கிறது யாழ்ப்பாணத்துக்கும் சென்னைக்கும் உள்ள பழைய வழக்கு, அதை இங்க இழுக்க வேணாம்.

சௌகிட் பாசார்ல ஆட்டுக்கறி வாங்குற யாரையும் கேளுங்க, "ஜவ்வ எடுத்துட்டு வெட்டுங்க"ன்னுதான் சொல்வாங்க. கறிமேல வெள்ளையா, பளபளன்னு, கத்தி நுனியில இழுத்தா நீளமா உரிஞ்சு வருமே, அதுதான் ஃபேசியா, வேற எதுவும் இல்ல. சொல்லு நம்ம அடுப்படியிலயே இருக்கு. எழுத்துல சவ்வு.

அடுத்து ரெண்டாவது பாதி, ரிலீஸுக்கு என்ன சொல்லுன்னு, இதுலதான் எனக்கு உண்மையான கவலை. தளர்த்தல் வேணவே வேணாம். "உடம்பு தளர்ந்து போச்சு"ன்னா பலம் போச்சுன்னு அர்த்தம், 70 வயசுக்காரங்க கையில அந்த நோட்டீஸ கொடுத்தா வகுப்புக்கே வரமாட்டாங்க. செந்தூல் அக்கா சொன்ன நெகிழ்த்தல் அழகான சொல், சங்கப் பாட்டுல வளை நெகிழுறது எல்லாருக்கும் தெரியும், ஆனா நெகிழ்த்தல் பிறவினை. யாரோ ஒருத்தர் கையால இழுத்து நெகிழ வைக்கிற மாதிரி ஆயிடுது. நடக்கிறது அது இல்லீங்க. 2008ல வந்த கணித மாதிரி ஆய்வு ஒண்ணு, உள்ளங்கால் பட்டைய 1% அமுக்கணும், 1% பக்கவாட்டுல நகர்த்தணும்னாக்கூட கையால கொடுக்க முடியாத அளவு விசை வேணும்னு காட்டுச்சு. அப்ப இளகுறது எப்படி? ஒன்றரை ரெண்டு நிமிஷம் அசையாம அழுத்திப் பிடிச்சு, வயிறு உப்ப மூச்சு இழுத்து, மெதுவா நீளமா விடும்போது நரம்பு அமைதியாகி தசை தானா பிடிய விடுது. நரம்பு அமைதியாகுறதுக்கு இதுல பெரிய பங்கு உண்டுன்னு இப்ப நிறைய பேரு சொல்றாங்க. ஆக, தன்வினைதான் பொருத்தம்.

போன மாசம் ஒரு பாட்டி, ரப்பர் தோட்டத்துல பால்மரம் வெட்டுனவங்க, வலது தோள்பட்டைய தூக்கவே முடியல. டென்னிஸ் பந்த சுவத்துக்கும் தோள்பட்டைக்கும் நடுவுல வச்சு சாஞ்சு நிக்கச் சொன்னேன். முதல் அஞ்சு மூச்சுக்கு முகத்த சுளிச்சாங்க, பல்ல கடிச்சாங்க, எட்டாவது மூச்சோ ஒன்பதாவதோ, பந்து கொஞ்சம் உள்ள இறங்குச்சு, "இறுகிக் கிடந்துச்சும்மா, இப்ப இளகிடுச்சு"ன்னாங்க. நான் சொல்லிக் கொடுக்கல. இறுகு, இறுக்கம், இளகு, இளக்கம். நெருங்கு நெருக்கம், சுருங்கு சுருக்கம் வர்ற அதே வழி. இலக்கணமும் நிக்குது, பாட்டி வாயிலயும் வந்துடுச்சு.

> உருட் (உடம்பு பிடித்துவிடுதல்) என்ற மலாய்ச் சொல்லே நம் உருட்டுதானே, உருட்டல் என்று வைக்கலாமே

கட்டில், கடை, கப்பல் மலாய்க்குப் போனது சரி, அதுக்காக ஓசை ஒத்து வர்றதெல்லாம் சான்றாகாது தம்பி. அதோட இதுல உருட்டுறதே கிடையாது, ஒரே இடத்துல வச்சுப் பிடிக்கிறது. நோட்டீஸுக்கு உள்ள அழுத்தம்னும் நான் எழுதல, அழுத்தம்னா அவங்க பிரஷர் மாத்திரையத்தான் நினைப்பாங்க. அழுத்திப் பிடித்தல்னு போட்டிருக்கேன்.

ஆக என் பக்கம் சவ்வு இளக்கம். நேத்து வரைக்கும் ஆறு பேரு சரின்னு எழுதியிருக்காங்க, அதுல ரெண்டு பேரு "ஏதாச்சும் ஒண்ணு போடுங்க"ன்னுதான். பாடப்புத்தகத்துல செல்சவ்வு இருக்கே, குழம்பாதான்னு ஐயா கேட்டதுக்கு என்கிட்ட முழு பதில் இல்ல, உள்ளங்கால் சவ்வு, முதுகுச் சவ்வுன்னு இடத்தச் சேத்து எழுதுனா விலகும்னு நம்புறேன். ஐயா ஒத்துக்கலைன்னு தெரியும், கச்சிழையத்துக்கான அவரோட குறிப்பு தொகுப்புல அப்படியே இருக்கட்டும், நான் எடுக்கல.

வியாழன் ராத்திரி 10 மணி வரைக்கும் மடல் பாப்பேன். அதுக்குள்ள இதைவிட நல்லது வந்தா மாத்திடுறேன்.