ஐசியூ சிங்க்கில் திரும்பத் திரும்ப வரும் கிளெப்சியெல்லா: வழி தெரிந்தவர்கள் சொல்லுங்க

வணக்கம். மதுரைப் பக்கம் 12 படுக்கை ஐசியூ. ஏழு வாரத்தில் 5 பேருக்கு, மெரோபெனம் என்ற வலுவான ஆன்டிபயாடிக்குக்கும் கேட்காத கிளெப்சியெல்லா பாக்டீரியா தொற்று; ஐந்திலும் அந்த வகை மருந்தை உடைக்கிற என்டிஎம் மரபணு. எல்லோரும் வேறு காரணத்துக்கு அட்மிட் ஆனவர்கள். கடைசிக்கட்ட ஆன்டிபயாடிக்கான கொலிஸ்டின் போட்டதில் இருவருக்குச் சிறுநீரகம் பாதித்து, கிரியேட்டினின் ஏறி இப்போது டயாலிசிஸ். செஃப்டாசிடைம்-அவிபாக்டம் என்ற கூட்டு ஆன்டிபயாடிக் மட்டும் போட்டால் என்டிஎம்முக்கு வேலை செய்யாது, அஸ்ட்ரியோனம் என்ற இன்னொரு ஆன்டிபயாடிக்கும் சேர்க்கணும். அந்தச் செலவுக்கு நகையை அடகு வைக்கிற குடும்பங்களைப் பார்க்க மனசு தாங்கலை.

கை கழுவல் தணிக்கை, தனி அறை, தனி நர்ஸ், நோயாளிகளுக்கு வாரம் ஒரு ரெக்டல் ஸ்வாப் (ஆசனவாயில் பஞ்சுக் குச்சியால் எடுக்கும் மாதிரி) எல்லாம் நடக்குது. வென்டிலேட்டர், படுக்கைக் கம்பி நெகடிவ். 3, 4-ம் படுக்கைக்கு நடுவிலுள்ள சிங்க் வடிகாலில் மட்டும் பாசிடிவ். குழாய்த் தண்ணீர் நேரே வடிகால் துளையில் விழுந்து தெறிக்குது; படுக்கை ஒரு மீட்டருக்குள்தான். தினமும் ப்ளீச் ஊற்றியும் உள்ளே படிந்த வழவழப்புப் படலத்துக்குள் அது இறங்கலை. பி-ட்ராப்பை (சிங்க் அடியில் தண்ணீர் தேங்கும் வளைகுழாய்) மாற்றினோம், 9 நாளில் திரும்பிடுச்சு. சுவருக்குள் போகும் குழாயிலிருந்து ஏறுது போல. மீதி மருந்து, டயாலிசிஸ் கழிவை அதில் ஊற்றுவதையும் நிறுத்தியாச்சு.

சிங்க்கையே எடுத்துவிட்டு, ஆல்கஹால் கைத்தேய்ப்பும் ஈரத் துடைப்பான்களும் மட்டும் வைத்து ஐசியூ நடத்தியவர்கள் இருக்கீங்களா, அதற்குப் பிறகு புதுக் கேஸ் நின்றதா?