அடிவாரத்தில் காணாமல் போகும் ஓடை: வழி சொல்லுங்கள்

வணக்கம். பாலமேட்டுக்கு வடக்கே, சிறுமலையின் தெற்குச் சரிவில் இறங்கும் ஒரு சின்ன ஓடைக்கு வரைபடம் தயாரித்து வருகிறேன். மேலே பாறைமேல் சலசலத்து ஓடும் தண்ணீர், அடிவாரத்தில் சரிவு குறைந்ததும் உருண்டைக் கற்களுக்குள் இறங்கி மறைந்துவிடுகிறது. அதற்குக் கீழே சாத்தையாறு அணைப் பக்கம் வரை வெறும் மணல்தான்.

போன ஐப்பசியிலிருந்து கவனிக்கிறேன். கனமழைக்கு மறுநாள் மட்டும் முழு நீளமும் ஓடுகிறது; நாலாம் நாள் பாதியில் நின்றுவிடுகிறது.

சர்வே ஆஃப் இந்தியாவின் 1:50,000 வரைபடத்தைப் பார்த்தேன். சமஉயரக் கோடுகள் 20 மீட்டருக்கு ஒன்று, அடிவாரத்து மட்டத் தரையில் அதை வைத்து ஒன்றும் பிடிபடவில்லை. எஸ்ஆர்டிஎம் (விண்வெளியிலிருந்து ரேடாரால் அளந்த) உயரத் தரவை க்யூஜிஐஎஸ் என்ற வரைபட மென்பொருளில் போட்டால், அது கணிக்கும் நீர்ப்பாதை மாந்தோப்புக்குள் போகிறது, ஓடையோ அதற்குக் கிழக்கே இருக்கிறது. பத்தடி அகல ஓடைக்கு அந்தத் தரவின் 30 மீட்டர் கட்டம் ரொம்பப் பெரிது.

அப்புறம் ஆடு மேய்க்கும் பெரியவர் ஒருவரோடு ஜிபிஎஸ் வைத்து நடந்தேன். தோப்போரக் கிணற்றைக் காட்டி, "மலையில தண்ணி ஓடுனா ரெண்டு நாள்ல இதுல ஊறும் தம்பி" என்றார். எனக்கு அதுதான் சரியான துப்பாகப் படுகிறது. மூன்று வாரம் நீர்மட்டம் அளந்தேன். ஏறுகிறது, ஆனால் நேரடி மழையாலா ஓடையாலா என்று பிரிக்க முடியவில்லை. ஓடையில் சாயம் கலந்து அது கிணற்றில் வருகிறதா என்று பார்க்கலாம்; ஆனால் குடிக்கிற தண்ணீர், அதனால் சாயம் கலக்க மாட்டேன்.

சாயம் இல்லாமல், ஓடைத் தண்ணீர்தான் அந்தக் கிணற்றுக்கு வருகிறது என்று உறுதி செய்ய என்ன வழி?