மழை பெய்த காலையில் மொரிஸ் மைனர் ஸ்ரார்ட் ஆகுதில்லை, வெயில் ஏறினால் ஓடுது: உதவி தேவை

கோண்டாவில் மைனர்
வணக்கம். அப்பாவின் கார், 1959 மொரிஸ் மைனர் 1000, 948 சிசி. ஐப்பசி மழை தொடங்கியதிலிருந்து காலையில் ஸ்ரார்ட் ஆகுதில்லை. செல்ஃப் நன்றாகச் சுற்றுகிறது, ஆனால் எஞ்சின் ஒருதரம்கூட இருமுதில்லை. பதினொரு மணிபோல வெயில் எறித்தால், நான் ஒன்றும் செய்யாமலே முதல் அடியில் பிடித்துவிடும். ஒரு கராஜில் காட்டினேன். பற்றறி மாற்றச் சொன்னார்கள், மாற்றினேன். பிறகு கொயில் என்றார்கள், அதையும் மாற்றினேன். நேற்று இரவு முழுக்க மழை, இன்று காலை அதே நிலைமை. இன்னும் காசு போடமுதல் கேட்கிறேன். வியாழக்கிழமை காலை ஏழு மணிக்கு அப்பாவைக் கண் கிளினிக்குக்குக் கூட்டிப்போக வேண்டும். ஓட்டோ பிடிக்கலாம் என்றால், அவர் இந்தக் காரில்தான் வருவேன் என்கிறார்.

வடமராட்சி ஒஸ்ரின்
பெற்றோலில் தண்ணீர் கலந்திருக்கும். எனக்குப் போன மாரியில் வந்தது. காபரேற்றர் கிண்ணத்தைக் கழற்றி ஒரு கண்ணாடிப் போத்தலில் ஊற்றிப் பாருங்கள், தண்ணீர் அடியில் தனியாக நிற்கும்.

பழைய ஸ்பனர், சுன்னாகம்
பெற்றோலுக்குள் போன தண்ணீர் வெயில் ஏறினவுடன் மறைந்துவிடாது தம்பி. எஞ்சினுக்கு வெளியில் உள்ள ஏதோ ஒன்றுதான் வெயிலில் காய்கிறது. கொயிலிலிருந்து பிளக் வரைக்கும் போகும் பாதையைப் பார்க்க வேண்டும்.

அந்தப் பாதையில் பத்தாயிரம் வோல்ட்டுக்கு மேல் ஓடும். அது பிளக்கின் இடைவெளியைத் தாண்டுவதைவிட லேசான வழி கிடைத்தால் அந்த வழியால் போய்விடும். சுத்தமான தண்ணீர் அவ்வளவாக மின்சாரம் கடத்தாது. எங்கள் ஊரில் வாடைக்காற்று உப்பையும் கொண்டு வருகிறது. கொயிலின் மின்சாரத்தை நாலு பிளக்குக்கும் பிரித்துக் கொடுக்கும் டிஸ்ரிபியூட்டரின் மூடியில் படிந்த தூசி, உப்பு, எண்ணெய் எல்லாம் நனைந்தால் அதுவே ஒரு வயர் மாதிரி.

நாளைக் காலையில், வெயில் வரமுதல், இதைச் செய்யுங்கள். இரண்டு மூன்று முறை சுற்றிவிட்டு ஒரு பிளக்கைக் கழற்றுங்கள். அது நனைந்து பெற்றோல் மணம் வந்தால் பெற்றோல் வருகிறது, தீப்பொறிதான் இல்லை. பிளக் ஓட்டையை ஒரு துணியால் அடைத்துக்கொள்ளுங்கள், அங்கிருந்து பெற்றோல் ஆவி வரும். பிறகு அந்தப் பிளக்கை அதன் வயரிலேயே செருகி, இரும்புப் பகுதி எஞ்சினில் முட்டும்படி ஓட்டைக்குத் தள்ளி வைத்து, வேறொருவரைச் சுற்றச் சொல்லுங்கள். அடுத்தது, டிஸ்ரிபியூட்டரின் நடுவில் செருகியிருக்கும் கொயில் வயரைக் கழற்றி, அதன் நுனியை எஞ்சின் இரும்பிலிருந்து ஐந்தாறு மில்லிமீற்றர் தள்ளிப் பிடித்துச் சுற்றிப் பார்க்க வேண்டும். கையால் பிடிக்க வேண்டாம், காய்ந்த மரக் கவ்வியால் பிடியுங்கள். இதயத்துக்கு பேஸ்மேக்கர் வைத்தவர்கள் கிட்டவே போகக்கூடாது.

கோண்டாவில் மைனர்
செய்தேன் அண்ணை. பிளக் நல்ல ஈரம், பெற்றோல் மணம். பிளக்கில் பொறியே இல்லை. கொயில் வயரில் நீலமாகத் தடித்த பொறி, சத்தத்தோடு பாய்கிறது.

பழைய ஸ்பனர், சுன்னாகம்
அப்போ பற்றறியிலும் கொயிலிலும் பிழை இல்லை, கொயிலுக்குப் போகும் மின்சாரத்தை வெட்டி வெட்டி விடும் பொயின்ற்றும் வேலை செய்கிறது. மிஞ்சியது மூடி, அதற்குள் சுழலும் றோட்டர், பிளக் வயர்கள். நாலு பிளக்கும் ஒன்றாகச் சாவதால் மூடியின் நடுப்பகுதியிலோ றோட்டரிலோதான் எனக்குச் சந்தேகம். வயர்களுக்கு அடையாளம் போட்டுவிட்டுக் கழற்றுங்கள். எரியும் வரிசை 1-3-4-2, மாறினால் வேறொரு தலையிடி. மூடியை உள்ளும் புறமும் காய்ந்த பருத்தித் துணியால் துடையுங்கள். டபிள்யூடி-40 இருந்தால் வெளிப்பக்கம் மெல்லியதாக அடிக்கலாம், அது ஈரத்தைத் தள்ளத்தான் கண்டுபிடித்தது. ஆனால் தீப்பற்றும், ஆவி போகும்வரை செல்ஃப் அடிக்கவேண்டாம்.

இதை ஏன் இவ்வளவு அழுத்திச் சொல்கிறேன் என்றால், தொண்ணூறுகளில் யாழ்ப்பாணத்துக்குப் பெற்றோல் தடை இருந்த காலத்தில் காபரேற்றரில் சில துளி பெற்றோல் விட்டு ஸ்ரார்ட் செய்து, சூடேறிய பிறகுதான் மண்ணெண்ணெய்க்கு மாற்றுவோம். அந்தச் சில துளி ஆவியாகிப் போகமுதல் பொறி விழ வேண்டும். தவறினால் அன்றைய பெற்றோல் போச்சு. அதனால் மாரியில் மூடியைக் கழற்றித் துடைக்காமல் யாரும் சாவி திருப்ப மாட்டார்கள்.

கோண்டாவில் மைனர்
துடைத்தேன், உடனே பிடித்தது! மிக்க நன்றி அண்ணை.

கோண்டாவில் மைனர் (அடுத்த நாள்)
இன்று காலை மறுபடியும் இல்லை. மழைகூடப் பெரிதாக இல்லை, பனி மட்டும்தான்.

பழைய ஸ்பனர், சுன்னாகம்
துடைத்ததும் ஓடி, சின்ன ஈரத்துக்கே திரும்ப நின்றால் மூடியிலேயே காயம் இருக்கிறது. இன்று இரவு இருட்டில் பாருங்கள். கார் இருக்கும் கொட்டிலில் லைற்றை அணைத்து, பொனற்றைத் திறந்து, ஒருவர் காரின் முன்னால் செருகும் ஹாண்டிலால் எஞ்சினைக் கையால் சுற்ற மற்றவர் பார்க்க வேண்டும். செல்ஃப் அடித்தால் பற்றறியின் பலம் அதற்கே போய்விடும், ஹாண்டிலில் சுற்றினால் கொயிலுக்கு முழுப் பலமும் கிடைக்கும். கியர் நியூட்ரலில் இருக்கிறதா, ஹாண்ட் பிரேக் போட்டதா என்று பாருங்கள். பெருவிரலை மற்ற விரல்களோடு ஒரே பக்கம் வைத்துப் பிடியுங்கள். எஞ்சின் திருப்பி உதைத்தால் விரல் முறியும்.

கோண்டாவில் மைனர்
கண்டுபிடித்தோம்! உண்மையில் அப்பாதான் கண்டுபிடித்தார்.

நான் முன்னால் நின்று ஹாண்டில் சுற்ற, அவர் பொனற்றுக்குள் தலையைக் குனிந்து நின்றார். மங்கலான கண்ணால் என்ன தெரியப்போகிறது என்று நினைத்தேன். "டிக் டிக் என்று கேட்குது" என்றார். அது பெற்றோல் பம்ப் என்றேன், எங்கள் காரின் எஸ்யு மின்சாரப் பம்ப்பும் அப்படித்தான் அடிக்கும். "காபரேற்றர் கிண்ணம் நிரம்பினால் பம்ப் நிற்கும். இது நீ சுற்றச் சுற்றக் கேட்குது, நீ நிறுத்தினால் நிற்குது" என்றார். நான் போய்ப் பார்த்துக்கொண்டு தம்பியைச் சுற்றச் சொன்னேன். மூடியைப் பிடிக்கும் கிளிப்பின் அடியில், ஒவ்வொரு டிக்குக்கும் ஊசிமுனையளவு நீல வெளிச்சம்.

மூடியைக் கழற்றி ரோச் அடித்துப் பார்த்தால், உள்ளே நடுக் கரித்துண்டிலிருந்து விளிம்பை நோக்கித் தலைமுடி போல ஒரு கறுப்புக் கோடு. நான் துடைத்தபோது ஊத்தை என்று நினைத்த அதே கோடு. நகத்தால் தடவினால் தட்டுப்படுகிறது. விளிம்புக்கு ஒரு நெல்லளவு முன்னால் நின்றுவிடுகிறது.

பழைய ஸ்பனர், சுன்னாகம்
அந்த நெல்லளவு இடைவெளிதான் உங்கள் வெயிலும் மழையும். கோடு என்பது எரிந்த கரி, மின்சாரம் கடத்தும். இடைவெளி காய்ந்திருந்தால் பொறி பிளக்குக்குப் போகும், ஈரம் பட்டால் கிளிப் வழியாக எஞ்சின் உடம்புக்கு இறங்கிவிடும். அப்பாவின் காதுக்கு என் வணக்கம்.

துடைத்துச் சரிவராது. வியாழக்கிழமைக்கு மட்டும் பிளேட் முனையால் கோட்டைச் சுரண்டி எடுத்துவிட்டு ஓடலாம், ஆனால் புது மூடிதான் மருந்து. றோட்டரையும் சேர்த்து மாற்றுங்கள். பொயின்ற் இடைவெளி 0.4 மில்லிமீற்றர், பிளக் 0.6. புது மூடியின் உள்ளே எண்ணெய் எதுவும் பூசவேண்டாம், தூசி ஒட்டும். கார் எந்தப் பக்கம் பார்த்து நிற்கிறது?

கோண்டாவில் மைனர்
வடகிழக்கு. வாடை நேரே கிறில்லுக்குள் அடிக்கிறது.

மானிப்பாய் வாசகர்
இடையில் ஒரு கேள்வி. என் ரொயோட்டாவில் டிஸ்ரிபியூட்டரே இல்லை, அதற்கும் இது வருமா?

பழைய ஸ்பனர், சுன்னாகம்
வரும். எஞ்சின் கழுவினால் பிளக் குழிக்குள் தண்ணீர் தேங்கி, மேலே இருக்கும் கொயிலின் ரப்பர் வழியாகப் பொறி கசியும். அநேகமாக முழுதாக நிற்காது, குலுங்கி ஓடும், எஞ்சின் லைற் எரியும். கொயிலைத் தூக்கிக் குழியைக் காய வையுங்கள்.

கோண்டாவில் மைனர்
வியாழன் காலை ஐந்தரைக்கு மழை. சுரண்டிய மூடியோடு சோக் இழுத்து அடித்தேன், இரண்டாவது சுற்றில் பிடித்தது. கிளினிக் போய் வந்தோம். நேற்றுப் புது மூடியும் றோட்டரும் போட்டு, காரைத் திருப்பி நிறுத்தி, வாடைப் பக்கம் ஓலைத் தட்டி கட்டினேன். அண்ணை, அப்பா ஒன்று கேட்கச் சொல்கிறார்: மண்ணெண்ணெய்க் காலத்தில் நீங்கள் சுன்னாகம் சந்தைப் பக்கமா வேலை செய்தீர்கள்?