உதவி: சுந்தராம்பாள் பிளேட்டில் ஆம்பளைக் குரல் வருகிறது (அவசரம்)

ஜெலுத்தோங்பேரன் | செவ்வாய், இரவு 11.40
வணக்கம், பினாங்கிலிருந்து எழுதுகிறேன். தாத்தாவின் பழைய கிராமபோன் பிளேட்டுகள் ஒரு தகரப் பெட்டியில் கிடைத்தன, முப்பதுக்கு மேல் இருக்கும். கே.பி. சுந்தராம்பாள் பிளேட்டைப் போட்டால் ஆம்பளை பாடுகிற மாதிரி கேட்கிறது, அதுவும் தூக்கக் கலக்கத்தில் பாடுகிற ஆம்பளை. கூடவே தகரக் கூரையில் மழை பெய்கிற மாதிரி இரைச்சல். ஸ்பிரிட் போட்டு நன்றாகத் துடைத்தும் பார்த்துவிட்டேன், மாற்றம் இல்லை. ஞாயிற்றுக்கிழமை பாட்டிக்கு 85 வயது, அன்றைக்குப் போட்டுக் காட்டுகிறேன் என்று சொந்தக்காரர்கள் எல்லோரிடமும் சொல்லிவிட்டேன். என்ன செய்யலாம்?

செந்தூல்காரன் | 11.52
என்ன பிளேயர்? என்ன ஊசி? வேகம் 78இல்தான் (நிமிடத்துக்கு 78 சுற்று) இருக்கிறதா, தெரியாமல் 45இல் விட்டுவிட்டீர்களா?

பெல்ட்டுடாக்டர் | புதன், காலை 6.15
பெல்ட்தான். சந்தேகமே வேண்டாம். ரப்பர் நம் ஊர் வெக்கைக்கு நாலு வருடத்தில் தொய்ந்துவிடும், தொய்ந்தால் வேகம் குறையும், வேகம் குறைந்தால் குரல் தடிக்கும். பெல்ட்டை மாற்றுங்கள், அடுத்த ஆள் வரலாம்.

அரக்குத்தட்டு | காலை 7.30
தம்பி, முதலில் அது 'பிளேட்டு' இல்லை, இசைத்தட்டு. பிளேட்டில் சோறு சாப்பிடுவார்கள். இரண்டாவது, ஸ்பிரிட் போட்டுத் துடைத்தேன் என்று எழுதியிருப்பதைப் படித்ததும் எனக்குக் காப்பி இறங்கவில்லை. 78 தட்டு அரக்கில் செய்தது. தச்சர் மேசைக்கு பாலிஷ் போடுவதைப் பார்த்ததில்லையா? அரக்கை ஸ்பிரிட்டில் கரைத்துத்தானே பூசுகிறார். நீங்கள் தட்டைத் துடைக்கவில்லை, கரைத்திருக்கிறீர்கள். இதை இங்கே நூறு தடவை எழுதிவிட்டேன், தேடிப் படிக்க யாருக்கும் பொறுமை கிடையாது. நாற்பது வருடமாகத் தட்டு சேர்க்கிறவன் சொல்கிறேன், கேட்டால் கேளுங்கள்.

கிள்ளான்ஆச்சி | 8.05
அவர் சொல்லுகிற விதம்தான் கடுப்பாக இருக்கும், விஷயம் சரி. ஸ்பிரிட் வேண்டாம் தம்பி. வெதுவெதுப்பான தண்ணீரில் பாத்திரம் கழுவுகிற திரவம் ஒரு சொட்டு, மெத்தென்ற துணி, பள்ளம் போகிற திசையிலேயே வட்டமாகத் துடையுங்கள். நடுவில் இருக்கிற காகிதத்தில் ஈரம் படக்கூடாது. விரிசல் விட்டதைத் தண்ணீரில் காட்டவே வேண்டாம், சில தட்டுகளுக்கு நடுவில் காகித அடுக்கு உண்டு, ஊறினால் உப்பிக்கொள்ளும். எந்தப் பிளேட்டில் ஸ்பிரிட் பட்டது, பளபளப்பு போய் மங்கலாக இருக்கிறதா?

(நானும் பிளேட்டு என்றுதான் சொல்வேன். எங்கள் தோட்டத்தில் எல்லோரும் அப்படித்தான் சொன்னார்கள், யாரும் அதில் சோறு போட்டுத் தின்னவில்லை.)

ஜெலுத்தோங்பேரன் | மதியம் 1.10
ஐயோ. ஒரே ஒரு பிளேட்டுதான், ஓரத்தில் கொஞ்சம் மங்கியிருக்கிறது. பிளேயர் பழசு ஆனால் நல்ல நிலைமை, ஜப்பான் பழைய பொருள் விற்கிற கடையில் வாங்கினேன். வேகம் 78இல்தான் இருக்கிறது. ஆனால் ஒன்று, நாகஸ்வரப் பிளேட்டு ஒன்று இருக்கிறது, அது சரியாகத்தான் கேட்கிறது. அதனால் பிளேயரில் குற்றம் இல்லை, சுந்தராம்பாள் பிளேட்டில்தான் ஏதோ கோளாறு.

செந்தூல்காரன் | 1.25
ஊசி என்ன என்று கேட்டேனே.

1902ரசிகர் | 2.40
எல்லோரும் பிளேயரையே பிடித்துத் தொங்குகிறீர்கள். 78 என்று பெயர்தானே தவிர, பழைய தட்டுகள் எல்லாம் 78இல் பதிந்தவை அல்ல. 1902இல் கல்கத்தாவில் கிராமபோன் கம்பெனி ஆள் கெய்ஸ்பர்க் வந்து பாடகி கௌஹர் ஜானைப் பதிந்த காலத்தில் வேகம் ஆளுக்கு ஆள், ஊருக்கு ஊர் மாறும். 70 இருக்கும், 80க்கு மேலும் இருக்கும். இந்தத் தட்டு 80 சொச்சத்தில் பதிந்ததாக இருக்கலாம்.

அரக்குத்தட்டு | 3.15
சுந்தராம்பாள் பிறந்ததே 1908. 1902 கதையை அவர் தலையில் கட்டாதீர்கள். தட்டின் நடுக் காகிதத்தில் டம் டம் என்று இருக்கிறதா பாருங்கள் தம்பி. கல்கத்தா பக்கத்தில் இருந்த அந்தத் தட்டு ஆலை 1928இல் வந்தது, அதற்குள் வேகம் ஒழுங்குக்கு வந்துவிட்டது. அப்படியே 80 என்று வைத்துக்கொண்டாலும் 78இல் ஓட்டினால் அரைச் சுரம்கூட இறங்காது. பெண் குரல் ஆண் குரல் ஆக அது போதாது. கேள்வி கேட்கிறவருக்கும் கணக்கு தெரியவில்லை, பதில் சொல்கிறவருக்கும் தெரியவில்லை.

மஸ்ஜித்இந்தியாசாலை | 4.00
எனக்கு ஒரு சந்தேகம். காகிதம் மாற்றி ஒட்டிய, சுந்தராம்பாளின் கணவர் கிட்டப்பா பாடிய தட்டாக இருக்குமோ?

கிள்ளான்ஆச்சி | 4.20
கிட்டப்பாவா! அவர் குரல் உச்சாணிக் கொம்பில் நிற்கும், தடித்த ஆம்பளைக் குரல் என்று யாரும் சொல்ல மாட்டார்கள். பாவம், 1933இல் 27 வயதில் போய்விட்டார். சுந்தராம்பாள் அம்மா அதற்கப்புறம் வெள்ளைச் சேலைதான், ஆண் நடிகரோடு ஜோடி சேர்ந்து நடிப்பதில்லை என்று இருந்துவிட்டார். நந்தனார் படத்தில்கூட நந்தனாராக அவரே நடித்தார், 1935இல், லட்ச ரூபாய் சம்பளத்துக்கு. என் மாமியார் இதைச் சொல்லும்போதெல்லாம் லட்சம் என்கிற இடத்தில் குரலை உயர்த்துவார்.

தோடிப்பித்தன் | மாலை 6.30
ஒரு நிமிடம். நாகஸ்வரப் பிளேட்டா? யாருடையது? ராஜரத்தினம் பிள்ளையா?

ஜெலுத்தோங்பேரன் | இரவு 9.00
பாதிக் காகிதம் கிழிந்துவிட்டது, நாகஸ்வரம் என்பது மட்டும் தெரிகிறது. ராஜரத்தினம் என்றுதான் தாத்தா சொன்னதாக ஞாபகம். சுந்தராம்பாள் பிளேட்டில் டம் டம் என்று போட்டிருக்கிறது. பெல்ட் தேடினேன், இந்த மெஷினில் பெல்ட்டே இல்லை, ஒரு ரப்பர் சக்கரம் இருக்கிறது.

பெல்ட்டுடாக்டர் | 9.04
அப்படியானால் ரப்பர் சக்கரம்தான்.

தோடிப்பித்தன் | 9.30
ராஜரத்தினம் என்றால் தொடாதீர்கள், சுத்தம் பண்ணாதீர்கள், யாருக்கும் கொடுக்காதீர்கள். தோடி ராகமா? முதலில் 'நீ' சுரத்தில் நின்று அசைகிறாரா? பாரி நாயனத்தின் கம்பீரம் கேட்கிறதா? அந்த நீள நாயனத்தை நரசிங்கம்பேட்டை ரங்கநாதன் ஆசாரியைச் செய்யச் சொல்லி வாசித்தவரே அவர்தான். அதற்கு முன் எல்லோரும் குட்டைத் திமிரியில் கீச்சென்று வாசித்தார்கள்.

அரக்குத்தட்டு | 10.10
'கீச்சென்று' என்று திமிரியைச் சொல்கிறவரோடு நான் பேசுவதில்லை. கோயில் வீதியில் தேருக்கு முன்னால் மைக் இல்லாமல் நாலு தெருவுக்குக் கேட்க வேண்டும் என்றால் திமிரிதான். சபாவில் மைக் முன்னால் உட்கார்ந்ததும் நமக்குக் காது மாறிவிட்டது, அவ்வளவுதான்.

தோடிப்பித்தன் | 10.22
பேசுவதில்லை என்று சொல்லிவிட்டு இவ்வளவு பேசுகிறீர்கள். பாரி வந்த பிறகுதான் நாகஸ்வரத்தில் கமகம் (சுரத்தை அசைத்து உருட்டுவது) நிதானமாக உருண்டது. திமிரியில் தோடியின் காந்தாரத்தை அப்படி உருட்டிக் காட்டுங்கள் பார்ப்போம்.

அரக்குத்தட்டு | 10.31
நான் வித்வான் இல்லை. நீங்களும் இல்லை.

(இதே வாக்கில் இன்னும் பதினொரு பதிவுகள் ஓடின. நடுவில் மஸ்ஜித்இந்தியாசாலை ஒரு தவில் படம் போட்டார், ஏன் என்று தெரியவில்லை.)

செந்தூல்காரன் | வியாழன், காலை 7.45
அண்ணன்மார்களே, கொஞ்சம் தள்ளி நின்று சண்டை போடுங்கள், பாட்டி ஞாயிற்றுக்கிழமை காத்திருக்கிறார். ஜெலுத்தோங், இரண்டு காரியம் செய்யுங்கள். ஒன்று, தட்டுக்கு அடியில் வெள்ளைக் காகிதத் துண்டு ஒன்றை ஓரம் தெரிகிற மாதிரி லேசாகச் செருகி, கைப்பேசியில் ஒரு நிமிடம் படம் எடுத்து, மெதுவாக ஓட்டி எத்தனை சுற்று என்று எண்ணுங்கள். இரண்டு, 10 அங்குலத் தட்டின் ஒரு பக்கம் முழுதாக எவ்வளவு நேரம் ஓடுகிறது?

ஜெலுத்தோங்பேரன் | மதியம் 12.50
சாப்பாட்டு நேரத்தில் வீட்டுக்கு ஓடி எண்ணினேன். 65. இன்னொரு தடவை 65. ஒரு பக்கம் மூணு நிமிடம் ஐம்பது வினாடி போகிறது.

செந்தூல்காரன் | 1.05
வந்துவிட்டது. 10 அங்குலத் தட்டில் மூணு, மூணேகால் நிமிடத்துக்கு மேல் ஏறுவது அபூர்வம். 78இல் ஓட வேண்டியது 65இல் ஓடுகிறது, அதாவது ஆறில் ஐந்து பங்கு. 60இல் 50 பங்கு. ஜப்பானில் தோக்கியோ பக்கம் மின்சாரம் 50 ஹெர்ட்ஸ், ஓசாகா பக்கம் 60. உங்களுடையது ஓசாகா பக்கத்து மெஷின். நம் ஊர் 50. மோட்டார் அந்த அளவுக்கு மெதுவாகத்தான் சுற்றும், பெல்ட்டும் சக்கரமும் பாவம், அவற்றின் மேல் பழி இல்லை. அடியில் ஒட்டியிருக்கிற தகட்டைப் படியுங்கள்.

அரக்குத்தட்டு | 1.20
ஜப்பான் மெஷின் 100 வோல்ட். டிரான்ஸ்ஃபார்மர் போட்டிருந்தால் எல்லாம் சரியாகிவிடும்.

ஜெலுத்தோங்பேரன் | 1.22
டிரான்ஸ்ஃபார்மர் கடையிலேயே கொடுத்தார்கள், அதில்தான் ஓட்டுகிறேன். தகட்டில் 100 வோல்ட் 60 என்று இருக்கிறது!

செந்தூல்காரன் | 1.30
டிரான்ஸ்ஃபார்மர் வோல்ட்டைத்தான் இறக்கும், ஹெர்ட்ஸைத் தொடாது. அரக்குத்தட்டு அண்ணே, மன்னிக்கவும், இது கணக்கு. மூன்று அரைச்சுரத்துக்கு மேலேயே இறங்கியிருக்கிறது. 5 கட்டைச் சுருதியில் பாடினது 3 கட்டைக்கு வந்து நிற்கும். சுந்தராம்பாள் ஆம்பளையானது அதனால்தான். தீர்வு: மேல்தட்டைத் தூக்கினால் மோட்டார் தண்டில் படிப்படியாக வெட்டிய பித்தளைப் புல்லி இருக்கும். 60க்கானது மெலிசு, 50க்கு அதைவிட ஐந்தில் ஒரு பங்கு தடிப்பாக வேண்டும். பல ஜப்பான் மெஷின்களில் இரண்டையும் கொடுத்திருப்பார்கள், ஒன்று தண்டில், மற்றது உள்ளே எங்காவது ஸ்குருவோடு சும்மா உட்கார்ந்திருக்கும். இல்லையென்றால் லோரோங் கூலிட் பழைய பொருள் சந்தையில் தேடாமல், கைப்பேசியில் பாட்டைப் பதிந்து கணினியில் வேகத்தை 20 விழுக்காடு கூட்டுங்கள், ஞாயிற்றுக்கு அது போதும். இரைச்சலுக்கு ஊசி. எல்பி தட்டு ஊசி 78 பள்ளத்தின் அடியில் இறங்கி அழுக்கைத்தான் வாசிக்கும், மூன்று மடங்கு தடித்த ஊசி வேண்டும். ஊசி தலையில் திருப்புகிற சின்னக் கொக்கி இருக்கிறதா? (மூன்றாவது தடவை கேட்கிறேன்.)

தோடிப்பித்தன் | 2.00
அப்படியானால் நாகஸ்வரம் எப்படிச் 'சரியாக' கேட்டது?

கிள்ளான்ஆச்சி | 2.35
அதைத்தான் நானும் யோசித்துக்கொண்டே கீரை ஆய்ந்தேன். நாம் கேட்டு வளர்ந்தது பாரி. இரண்டு, இரண்டரை கட்டை. நாலரைக் கட்டைத் திமிரியை இந்த மெஷினில் போட்டால் இரண்டரைக்கு இறங்கி, பாரி மாதிரியே கேட்கும். தம்பி, தவில் எப்படி இருக்கிறது? வலந்தலை (வலப் பக்கம்) டணார் என்று விழுகிறதா, தொப்புத் தொப்பென்றா? வேகம் குறைந்தால் அதுவும் தடித்துத்தான் கேட்கும்.

ஜெலுத்தோங்பேரன் | 2.41
தொப்புத் தொப்பு. ஸ்பீக்கர் பெட்டி பழசு என்று நினைத்தேன்.

அரக்குத்தட்டு | 2.50
திமிரி. நான் அப்போதே சொன்னேன்.

தோடிப்பித்தன் | 2.52
நீங்கள் டிரான்ஸ்ஃபார்மர் என்றல்லவா சொன்னீர்கள். திமிரி என்றால் ராஜரத்தினம் இல்லை என்று ஆகிவிடாது, பாரிக்கு மாறுவதற்கு முன் அவரும் திமிரி வாசித்தவர்தான். தட்டின் உள் ஓரத்தில், காகிதத்துக்கு வெளியே, பொறித்த எண் இருக்கும். அதைப் படம் எடுத்துப் போடுங்கள். தயவுசெய்து.

ஜெலுத்தோங்பேரன் | திங்கள், இரவு 10.15
எல்லோருக்கும் நன்றி. 50 புல்லி மேல்தட்டுக்கு அடியில் ஒரு மூலையில் காகிதத்தில் சுற்றி ஸ்குரு போட்டு இருந்தது. கொக்கியும் இருந்தது, திருப்பினேன், மழை தூறலாகிவிட்டது. பாட்டி முதல் வரியிலேயே, இது அந்தப் பிளேட்டின் இரண்டாம் பக்கம், முதல் பக்கத்தைப் போடு என்றார். நாளைக்கு வேலை, அப்புறம் எழுதுகிறேன்.

தோடிப்பித்தன் | 10.17
எண்?

தோடிப்பித்தன் | சனி, காலை 9.00
தம்பி, அந்த நாகஸ்வரத் தட்டின் எண்?

1902ரசிகர் | 9.40
இன்றைக்கு ஆம்கார்ப் மாலுக்கு யாராவது போகிறீர்களா? 78 ஊசி ஒன்று வேண்டும்.

செந்தூல்காரன் | 9.55
என்ன பிளேயர்?