கொழும்பில் இருந்து யாழ்ப்பாணத்துக்கு: யன்னல் துடைக்கிற தொழிலோடு குடும்பமாக வரலாமா?

வெள்ளவத்தை வாசி எழுதியது:

எல்லோருக்கும் வணக்கம். கொஞ்சம் நீளமாகத்தான் எழுதப்போகிறேன், பொறுமையாக வாசித்துவிட்டு மனதில் பட்டதைச் சொல்லுங்கள்.

11 வருடமாகக் கொழும்பில் யன்னல், கண்ணாடி துப்புரவு செய்கிற சின்னத் தொழில் நடத்துகிறேன். வெள்ளவத்தை, பம்பலப்பிட்டி, தெகிவளைப் பக்கம்தான் வேலை. மாடிக் குடியிருப்புகள், இரண்டு மூன்று அலுவலகங்கள், ஒரு கல்யாண மண்டபம். என்னோடு 4 பெடியள் வேலை செய்கிறார்கள், ஒரு சின்ன வான் இருக்கிறது, ஏணிகள், நீட்டுக் கம்புகள், கயிறு, பெல்ட் எல்லாம் சொந்தம். கடன் இல்லை.

மனைவியின் ஊர் கொக்குவில். மாமா போன வருடம் தவறிவிட்டார், மாமி தனிய இருக்கிறா. முழங்கால் ஏலாது, கிணற்றடிக்குப் போய் வருவதே கஷ்டம் என்று மனைவி ஒவ்வொரு இரவும் போனில் கதைத்துவிட்டு அழுகிறா. கொழும்புக்கு வாங்கோ என்றால் மாமி வீட்டை விட்டு வரமாட்டா, அதுவும் விளங்குகிறது. இங்கே வீட்டு வாடகையும் ஏறிக்கொண்டே போகிறது. அதனால் நாங்கள் அங்கே வந்துவிடலாமா என்று யோசிக்கிறோம்.

எனக்குள்ள பயம் இதுதான். சின்ன வயதில் நான் பார்த்த யாழ்ப்பாணத்து வீடுகளில் மர யன்னல், இரும்புக் கம்பி, அவ்வளவுதான். கண்ணாடி துடைக்கக் காசு கொடுத்து ஆள் கூப்பிடுவார்களா? மகள் 9 ஆம் வகுப்பு, மகன் 4 ஆம் வகுப்பு, இரண்டும் தமிழ் மொழிமூலம். அவர்களை எப்போது மாற்றுவது நல்லது? என்னோடு இருக்கிற பெடியள் 2 பேர் ஹற்றன் பக்கம், அவர்களை விட்டுவிட்டு வர மனமில்லை. யாராவது இப்படித் தொழிலோடு இடம் மாறியவர்கள் இருந்தால் சொல்லுங்கள்.

---

கோண்டாவில் அலுமினியக் கடை எழுதியது:

அண்ணை, நான் 14 வருடமாக அலுமினிய யன்னல், கதவு அடிக்கிற வேலை செய்கிறவன், அதனால் உங்கள் முதல் கேள்விக்கு என்னால் வடிவாகப் பதில் சொல்ல முடியும். நீங்கள் பார்த்த மர யன்னல் வீடுகள் இன்னும் இருக்கின்றன, ஆனால் இப்போது கட்டுகிற வீடுகளில் பத்துக்கு எட்டில் நான் போடுவது சறுக்குக் கண்ணாடி யன்னல்தான். வெளிநாட்டில் இருக்கிற பிள்ளைகள் கட்டுகிற மாடி வீடுகளில் முன்பக்கம் முழுக்கக் கண்ணாடி கேட்கிறார்கள். ஸ்ரான்லி வீதி, ஆஸ்பத்திரி வீதி, கஸ்தூரியார் வீதிப் பக்கம் கடைகளும் வங்கிகளும் எல்லாம் கண்ணாடி முகப்பு. வேலை இருக்கிறது. ஆனால் கொழும்பு மாதிரி மாதாமாதம் கூப்பிடமாட்டார்கள். வீட்டுக்காரர் கூப்பிடுவது குடிபூரலுக்கு முதல், கல்யாண வீட்டுக்கு முதல், தைப்பொங்கலுக்கு முதல், பிறகு நல்லூர்த் திருவிழாவுக்கு வெளிநாட்டுச் சனம் வர முதல். மாதச் சம்பளம் மாதிரி ஒழுங்காக வருகிற காசு கடை, வங்கி, ஹோட்டல் பக்கம்தான்.

இனி நீங்கள் கேட்காத ஒன்றைச் சொல்கிறேன், இதுதான் பெரிய விஷயம். தண்ணீர்.

கொழும்பில் உங்களுக்குக் குழாயில் வருவது அநேகமாகக் களனி ஆற்றுத் தண்ணீர், மென்மையானது. சவர்க்காரம் போட்டால் நுரை பொங்கும், துடைத்துவிட்டால் கண்ணாடி காய்ந்ததும் பளிச்சென்று இருக்கும். இங்கே குடாநாடு முழுக்க அடியில் சுண்ணாம்புக்கல். வருடம் முழுக்க ஓடுகிற ஆறு ஒன்றும் இல்லை, மழைத்தண்ணீர் அந்தக் கல்லுக்குள்ளால் இறங்கித்தான் கிணற்றுக்கு வருகிறது, வரும்போது கல்சியத்தைக் கரைத்துக்கொண்டு வருகிறது. நாங்கள் எல்லோரும் அதைக் குடித்துத்தான் வளர்ந்தோம். ஆனால் மாமி வீட்டுக் கேத்திலைத் திறந்து பாருங்கள், அடியில் வெள்ளைப் படை பிடித்திருக்கும். அதே படைதான் கண்ணாடியில் புள்ளி புள்ளியாக விழும். நீட்டுக் கம்பில் பிரஷ் பூட்டித் தண்ணீர் அடித்து அப்படியே காயவிடுகிற முறையைக் கிணற்றுத் தண்ணீரில் செய்தீர்கள் என்றால் துடைத்ததற்குப் பிறகுதான் கண்ணாடி அழுக்காகத் தெரியும். எனக்குத் தெரிந்த ஒருவர் இப்படித் தொடங்கி ஒரு பெரிய வீட்டு வேலையில் பெயர் கெட்டு மூன்றே மாதத்தில் நிறுத்தினார், பாவம், நல்ல உழைப்பாளி.

செய்ய வேண்டியது இது. ஒரு ரி.டி.எஸ் மீற்றர் வாங்குங்கள், தண்ணீரில் எவ்வளவு உப்பும் கல்சியமும் கரைந்திருக்கிறது என்று காட்டுகிற கருவி, பேனை அளவுதான் இருக்கும். கண்ணாடியில் புள்ளி விழாமல் தானாகக் காய வேண்டும் என்றால் அந்த அளவு 10க்குக் கீழே நிற்க வேண்டும். கிணற்றுத் தண்ணீர் சில நூறு காட்டும், கடலோரத்திலும் தீவுப் பக்கத்திலும் சவர் என்பதால் இன்னும் கூட. கரைந்த உப்பைப் பிடித்துவைக்கிற ரெசின் மணிகள் போட்ட வடிகட்டியை மட்டும் நம்பினால் இந்தத் தண்ணீருக்கு ரெசின் கெதியாகச் செத்துவிடும், உழைக்கிற காசெல்லாம் அதற்கே போகும். முதலில் ஆர்.ஓ (மெல்லிய சவ்வுக்குள்ளால் தண்ணீரை அழுத்தி வடிக்கிற கருவி), பிறகு ரெசின், அந்த வரிசையில்தான் பூட்ட வேண்டும். ஆர்.ஓ கழிவாகத் தள்ளுகிற தண்ணீர் நிறைய, அதை வீணாக்காமல் முற்றம் கழுவ எடுக்கலாம். இரவில் வடித்து 1000 லீற்றர் தாங்கியில் சேர்த்து வைத்தால் காலையில் வானில் ஏற்றிக்கொண்டு போகலாம். மாரி காலத்தில் கூரைத் தண்ணீரையும் பிடியுங்கள், மழைத்தண்ணீரில் கல்சியம் இல்லை. முதல் மழையைக் கழித்து விடுங்கள், கூரைத் தூசி வரும்.

ரப்பரால் இழுத்துத் துடைக்கிற முறைக்கு இவ்வளவு கவலை வேண்டாம், விளிம்பைக் காயவிடாமல் துணியால் ஒற்றிவிட்டால் கிணற்றுத் தண்ணீரிலும் சமாளிக்கலாம்.

ஏற்கனவே படை பிடித்த கண்ணாடிக்கு வினாகிரியோ சித்திரிக் அமிலமோ போட்டு ஊறவிட்டால் கரையும். பாத்ரூம் கழுவுகிற அசிட்டைத் தயவுசெய்து கொண்டு போகாதீர்கள், அது அலுமினியச் சட்டத்தை அரித்துவிடும், பிறகு அந்த வீட்டுக்காரர் என்னிடம்தான் ஓடி வருவார்! யன்னலுக்குக் கீழே மாபிள் பதித்திருந்தால் வினாகிரியும் அதில் படக்கூடாது, அதுவும் சுண்ணாம்புக்கல் இனம்தான்.

---

மானிப்பாய் அக்கா எழுதியது:

தம்பி, தொழிலைப் பற்றி எனக்குத் தெரியாது, பிள்ளைகளைப் பற்றிச் சொல்கிறேன். நாங்கள் 2019 இல் நீர்கொழும்பில் இருந்து வந்தோம்.

மகள் 9 ஆம் வகுப்பு என்றால் இந்த வருடம் முடிய மாற்றுங்கள், பிந்த வேண்டாம். 10 ஆம் வகுப்பில்தான் சாதாரண தரத்துக்கான பாடங்களைத் தெரிவு செய்வார்கள், அந்த இரண்டு வருடமும் ஒரே பள்ளிக்கூடத்தில் இருந்தால்தான் நல்லது. நாங்கள் மூத்தவனை 10 இன் நடுவில் மாற்றினோம், அவன் அங்கே படித்த ஒரு பாடம் இங்கே அந்தப் பள்ளிக்கூடத்தில் இல்லை, புதிதாக ஒன்றைத் தொடங்கி எட்டு மாதம் பிந்தி ஓடினான். இன்றைக்கும் நினைத்தால் எனக்கு நெஞ்சு பாரமாக இருக்கும், நாங்கள் அவசரப்பட்டது பிள்ளைக்குச் சுமையாகிவிட்டது.

சின்னவருக்கு அடுத்த வருடம் புலமைப்பரிசில் பரீட்சை. பாடத்திட்டம் நாடு முழுக்க ஒன்றுதான், அதில் பயமில்லை. ஆனால் இங்கே 5 ஆம் வகுப்புப் பிள்ளைகள் விடியவும் பின்னேரமும் ரியூசனுக்கு ஓடுவார்கள், புதிதாக வருகிற பிள்ளை மிரண்டுபோகும். வருவதற்கு முதலே லீவில் கூட்டிக்கொண்டு வந்து அக்கம் பக்கத்துப் பிள்ளைகளோடு விளையாட விடுங்கள். நான் அதைச் செய்யவில்லை, செய்திருக்க வேண்டும்.

பள்ளிக்கூடத்தில் விடுகைப் பத்திரம், பிறப்புச் சான்றிதழ், இங்கே இருக்கிறீர்கள் என்பதற்குக் கிராம சேவகரின் கடிதம், இவை மூன்றையும் முதலே ஆயத்தமாக வையுங்கள். பெயர் பெற்ற பள்ளிக்கூடங்களில் நடுவில் இடம் கிடைப்பது சரியான கஷ்டம். வீட்டுக்குக் கிட்ட இருக்கிற பள்ளிக்கூடம் என்றால் குறை நினைக்க வேண்டாம், என் இரண்டாவது மகள் அப்படி ஒன்றில்தான் படிக்கிறாள், சந்தோஷமாக இருக்கிறாள்.

இன்னொன்று. மாமி வீட்டிலேயே இருக்கப் போகிறீர்கள் என்றால் கிணற்றடியில் இருந்து தாங்கிக்கு மோட்டரும், உள்ளுக்கே ஒரு குளியலறையும் முதல் வேலையாகச் செய்யுங்கள். உங்கள் தொழில் தண்ணீருக்கும் அந்தத் தாங்கிதானே உதவப் போகிறது.

---

இணுவில் பெயின்ரர் எழுதியது:

கோண்டாவில் அண்ணை சொன்ன தண்ணீர் விஷயம் நூற்றுக்கு நூறு உண்மை.

நான் வவுனியாவில் இருந்து தொழிலோடு வந்தவன், பெயின்ற் வேலை. முதல் வருடம் எனக்கு அடி விழுந்தது விலையில் இல்லை, காசு வாங்குவதில். ஒரு கடைக்கு முழு முகப்பும் செய்து கொடுத்தேன், நாளைக்கு, அடுத்த கிழமை, தீபாவளி முடியட்டும் என்று ஏழு மாதம் இழுத்தார்கள். அந்த ஏழு மாதமும் பெடியளுக்குச் சம்பளம் என் மனைவியின் சங்கிலியை அடைவு வைத்துத்தான் கொடுத்தேன். அதற்குப் பிறகு பாதிக் காசு முற்பணம் இல்லாமல் ஏணி ஏற்றுவதில்லை. ஊரில் எல்லோரும் சொந்தக்காரர், தெரிந்தவர் என்பதால் முற்பணம் கேட்க நா எழாது. கேளுங்கள். ஒரு சின்னத் துண்டில் என்ன வேலை, எத்தனை யன்னல், எவ்வளவு என்று எழுதிக் கையெழுத்து வாங்குங்கள், ஒருவரும் கோபிக்கவில்லை, என் அனுபவத்தில்.

வெளிநாட்டுக்காரரின் பூட்டிய வீடுகள் உங்களுக்கு நல்ல வேலை. அவர்கள் ஆடி, ஆவணியில் வருவார்கள். வருவதற்கு ஒரு மாதம் முதல் வட்ஸ்அப்பில் செய்தி வரும். செய்ய முதலும் செய்த பிறகும் ஒவ்வொரு அறையாக வீடியோ எடுத்து அனுப்புங்கள், கனடாவில் இருக்கிறவருக்கு அதுதான் நம்பிக்கை. ஒருவர் திருப்திப்பட்டால் அவரின் ஊர்ச் சங்கம் முழுக்க உங்கள் நம்பர் போகும். அதே வீடுகளில் வௌவால் எச்சம், சிலந்தி வலை, தாங்கி கழுவுவது, கூரையில் சோலர் இருந்தால் அதைக் கழுவுவது எல்லாவற்றையும் சேர்த்து எடுங்கள். சோளகக் காற்று வீசுகிற மாதங்களில் தூசி சொல்லி முடியாது, சோலர் தகடு மண்ணிறமாகிவிடும். அதை விடியக் காலையில் செய்யுங்கள், வெயிலில் கொதிக்கிற தகட்டில் குளிர் தண்ணீர் ஊற்றினால் வெடிக்கவும் கூடும்.

ஹற்றன் பெடியளைக் கூட்டி வரலாம், ஆனால் தங்க இடமும் சாப்பாடும் நீங்கள்தான் பார்க்க வேண்டும். ஊழியர் சேமலாப நிதி கட்டுகிறீர்கள் என்றால் அதை நிறுத்தாமல் இங்கிருந்தும் கட்டுங்கள், சம்பளத்தில் அவர்களின் பங்கு 8, உங்கள் பங்கு 12 வீதம், அதை நம்பித்தான் வருவார்கள். தொழில் பெயரை நான் இங்கே பிரதேச செயலகத்தில் புதிதாகப் பதிந்தேன், கிராம சேவகரின் உறுதிப்படுத்தல் கேட்டார்கள்.

கடைசியாக, ஒழுங்கைகளில் மின்கம்பி தாழ்வாகப் போகும், மதிலோடு ஒட்டியும் போகும். அலுமினியக் கம்பு என்றால் அண்ணாந்து பார்க்காமல் நிமிர்த்த வேண்டாம். மின்சாரம் கடத்தாத பைபர்கிளாஸ் கம்பு வாங்குங்கள், அதற்குப் பிறகும் பாருங்கள்.

---

வெள்ளவத்தை வாசி எழுதியது:

மூன்று பேருக்கும் எப்படி நன்றி சொல்வது என்று தெரியவில்லை. நேற்று இரவு மனைவியும் நானும் எல்லாவற்றையும் இரண்டு தரம் வாசித்தோம். மானிப்பாய் அக்கா எழுதியதை வாசித்துவிட்டு மகளையும் கூப்பிட்டுக் கதைத்தோம், அவளிடம் இதுவரை நாங்கள் ஒழுங்காகக் கேட்கவே இல்லை. தோழிகளை விட்டு வருவது கவலை, ஆனால் 10 தொடங்கும்போது என்றால் சரி என்றாள். பிறகு அம்மம்மா வீட்டில் தனி அறை கிடைக்குமா என்று கேட்டாள்.

இப்போதைக்கு யோசித்திருப்பது இதுதான். கொழும்பு வேலைகளை மூத்த பெடியன் பொறுப்பில் விட்டுவிட்டு, ஆடி மாதம் நானும் ஹற்றன் பெடியன் ஒருவனும் மட்டும் வானோடு வருகிறோம். நல்லூர்த் திருவிழா முடியும் வரை, 25 நாளும் அதற்கு முந்தின கிழமைகளும், மாமி வீட்டில் நின்று வேலை எடுத்துப் பார்ப்பது. குளியலறை வேலையையும் அதற்குள் தொடங்குவது. வேலை பிடித்தால் வருட முடிவில் குடும்பம். பிடிக்காவிட்டாலும் மாமிக்கு வீட்டுக்குள் தண்ணீர் வந்திருக்கும்.

கோண்டாவில் தம்பி, ஆர்.ஓ பூட்டுகிற ஆள் அங்கே உங்களுக்குத் தெரிந்தவர் யாரும் இருந்தால் தனிச்செய்தியில் சொல்லுங்கள். மீற்றர் நேற்றே வாங்கிவிட்டேன். எங்கள் வீட்டுக் குழாய்த் தண்ணீர் 46 காட்டியது. மனைவி வெள்ளிக்கிழமை ரயிலில் கொக்குவில் போகிறா, அவவிடம் மீற்றரைக் கொடுத்து விடுகிறேன்.

---

வெள்ளவத்தை வாசி எழுதியது (ஞாயிறு):

மாமி வீட்டுக் கிணறு 612. ஆர்.ஓ கட்டாயம். கேத்திலின் படமும் மனைவி அனுப்பியிருக்கிறா, நீங்கள் சொன்னபடியேதான்.