மைக்ரோவேவ் கன்வெக்‌ஷன் அவன்: ‘நுண்ணலை வெப்பச்சலன அடுப்பு’ சரிதானா?

குழுவினருக்கு வணக்கம்.

வீட்டுப் பயன்பாட்டுக்கான மைக்ரோவேவ் கன்வெக்‌ஷன் அவன் ஒன்றின் கையேடு தமிழாக்கத்தில் இருக்கிறது. முதல் தடை பெயரிலேயே. ‘அவன்’ என்று அப்படியே எழுதினால் என்ன ஆகும் என்பதற்குப் பழைய வரைவிலிருந்து இரண்டு வரி:

“அவனை அணைத்த பிறகு பத்து நிமிடம் ஆறவிடவும்.”
“அவனுக்குள் எதுவும் இல்லாதபோது இயக்க வேண்டாம்.”

ஆகவே ‘அடுப்பு’ என்றே வைத்துக்கொள்வோம். ‘நுண்ணலை’ வேரூன்றிவிட்டது, அதில் கைவைக்க வேண்டியதில்லை. கன்வெக்‌ஷனுக்குப் பாடநூல் தரும் சொல் ‘வெப்பச்சலனம்’. சேர்த்தால் ‘நுண்ணலை வெப்பச்சலன அடுப்பு’. அட்டையில் அச்சிட இது போதும். ஆனால் முகப்புப் பலகையில் மைக்ரோவேவ், கிரில், கன்வெக்‌ஷன், காம்பி (முறைகள் சேர்ந்தது) என்று நான்கு பொத்தான்கள் உள்ளன. ஒவ்வொன்றின் கீழும் ஏழெட்டு எழுத்துக்குத்தான் இடம். பொத்தானில் ஒரு சொல்லும் கையேட்டில் இன்னொரு சொல்லும் இருந்தால் பயனர் தடுமாறுவார். நான்குக்கும் சொல் வேண்டும். பிரிஹீட், ஸ்டாண்டிங் டைம், டர்ன்டேபிள் ஆகியவற்றுக்கும் யோசனை சொல்லுங்கள்.

———

> கன்வெக்‌ஷனுக்குப் பாடநூல் தரும் சொல் ‘வெப்பச்சலனம்’.

வகுப்பறையில் சரி. இலங்கைப் பாடநூல்களில் இதையே ‘மேற்காவுகை’ என்பார்கள். இரண்டுமே இயற்பியல் நிகழ்வின் பெயர்கள். சமைப்பவருக்குத் தேவை நிகழ்வின் பெயரன்று, பெட்டிக்குள் என்ன பாய்கிறது என்பது. தவிர, ‘சலனம்’ என்றதும் பொதுவாசகருக்கு மனச்சலனம்தான் முன்னால் வந்து நிற்கும்.

பின்சுவருக்கு அப்பால் ஒரு சூடேற்றிக் கம்பி, அதனுடன் ஒரு விசிறி. அறைக்காற்றை விசிறி இழுத்து, கம்பியின் மேல் ஓடவிட்டு, மறுபடி உள்ளே தள்ளுகிறது. அசையாத காற்றில் உணவைச் சுற்றிக் குளிர்ந்த படலம் ஒன்று போர்வை போல ஒட்டிக்கொள்ளும். ஓடும் காற்று அதைக் கலைத்துக்கொண்டே இருக்கும். அதனால்தான் விசிறியில்லாத அடுப்புக்கு எழுதிய செய்முறையை இதில் செய்யும்போது சுமார் 20 டிகிரி குறைத்து வைக்கச் சொல்கிறார்கள். ஆக, பெயரில் இருக்க வேண்டிய சொல் காற்று.

என் முன்மொழிவு ‘வெங்காற்று’. வெம்மை + நீர் வெந்நீர் ஆனதைப் போல வெம்மை + காற்று வெங்காற்று. ‘அனல்காற்று’ வானிலை அறிக்கைக்குப் போய்விட்டது. ‘சுழல்காற்று’ என்றால் புயல் எச்சரிக்கை.

நுண்ணலையின் வேலையே வேறு. 2450 மெகாஹெர்ட்ஸ் அதிர்வெண், 12.2 செ.மீ. அலைநீளம். உணவிலுள்ள நீர் மூலக்கூறுகளை அது ஆட்டுவிக்க, சூடு உணவுக்குள்ளேயே பிறக்கிறது. ஊடுருவும் ஆழம் பெரும்பாலான உணவுகளில் ஓரிரு செ.மீ. அளவுதான், அதற்கு உள்ளே இருப்பது வெளியிலிருந்து கடத்தப்படும் வெப்பத்தால் வேக வேண்டும். காற்றும் சுவரும் நேரடியாகச் சூடாவதில்லை. சுருக்கமாக, நுண்ணலையில் உணவு சுடும், வெங்காற்றில் பெட்டி முழுவதுமே சுடும். கைப்பிடித் துணி இல்லாமல் பாத்திரத்தை எடுத்துப் பழகியவர் கையைச் சுட்டுக்கொள்வது இந்த வேறுபாடு தெரியாததால்தான்.

1947-இல் முதல் நுண்ணலை அடுப்பு விற்பனைக்கு வந்தபோது ஆங்கிலத்திலேயே அதற்கு ‘ரேடாரேஞ்ச்’ என்றுதான் பெயர். ரேடார்க் கருவியிலிருந்த மேக்னட்ரான் (நுண்ணலையை உண்டாக்கும் குழாய்) அடுப்புக்குள் வந்ததால் அப்படி. அந்தப் பெயர் பிறகு வழக்கிலிருந்து போய்விட்டது. முதலில் ஒட்டிய பெயரையே நாம் சுமக்க வேண்டும் என்று விதியில்லை.

———

வெங்காற்று நன்றாக இருக்கிறது, ஐயா. ‘வெங்கா’ வரை படித்ததும் கண் வெங்காயத்துக்கு ஓடுகிறது என்பது ஒன்றுதான் குறை. பழகிவிடும். ‘வளி’ என்று இன்னும் சுருக்கலாமே என்று யாராவது கேட்பதற்கு முன் சொல்லிவிடுகிறேன்: சித்த மருத்துவத்தில் வளி என்பது வாதம். சமையல் கருவியின் மேல் அது வேண்டாம்.

என் கவலை நான்காவது பொத்தான். ‘காம்பி’க்குக் ‘கலவை’, ‘கூட்டு’, ‘இரட்டை’ என்றெல்லாம் வரும். எதையும் ஏற்காதீர்கள். காரணம் பாத்திரம்.

நுண்ணலையில் மெல்லிய உலோக விளிம்பு, தகட்டுத்தாள், பொன்வரியிட்ட பீங்கான் எல்லாம் பொறி கக்கும். கூர்முனையிலும் மெல்லிய ஓரத்திலும் மின்புலம் குவிவதே காரணம். வெங்காற்றில் அதே உலோகத்தட்டுத்தான் சிறந்த பாத்திரம். பிளாஸ்டிக் இதற்கு நேர்மாறு. ‘நுண்ணலைக்கு ஏற்றது’ என்ற குறியுள்ள டப்பாக்கள் பல பாலிப்ரொப்பிலீனால் ஆனவை. அது சுமார் 160 டிகிரியில் உருகும். நுண்ணலையில் தாங்கும் அந்த டப்பா 200 டிகிரி வெங்காற்றில் தட்டோடு தட்டாக ஒட்டிப்போகும். காகிதத்தட்டு நுண்ணலையில் ஓரிரு நிமிடம் சரி, வெங்காற்றிலும் கிரில்லிலும் தீப்பிடிக்கும். மெலமைன் இரண்டிலும் கூடாது. நுண்ணலையைத் தானே உறிஞ்சிச் சூடாகி விரியும். சூடு தாங்கும் போரோசிலிகேட் கண்ணாடியும் உலோகவரி இல்லாத பீங்கானும் எல்லா முறைக்கும் வரும், ஆனால் மேலேயுள்ள கிரில் கம்பிக்கு மிக அருகில் வைக்கக் கூடாது.

காம்பியில் இரண்டு முறைகளும் சேர்ந்தோ மாறி மாறியோ ஓடுகின்றன. அதாவது, உலோகத்துக்கும் தடை, உருகும் பிளாஸ்டிக்குக்கும் தடை. ‘கலவை’ என்ற சொல் இதில் எதையுமே சொல்லாது. நுண்ணலையை ‘அலை’ என்று சுருக்கி, பொத்தானிலேயே ‘அலை+வெங்காற்று’ என்று எழுதினால் விதி ஒரே வரியில் முடியும்: பெயரில் அலை இருந்தால் உலோகம் இல்லை, வெங்காற்று இருந்தால் பிளாஸ்டிக் இல்லை. தயாரிப்பாளர் கொடுத்த கம்பித்தாங்கி மட்டும் விலக்கு, அதுவும் கையேடு அனுமதிக்கும் முறையில் மட்டும்.

முன்பின் தெரியாத பாத்திரத்துக்கு ஒரு சோதனை. உலோகமில்லாத காலிப் பாத்திரத்தை உள்ளே வைத்து, பக்கத்தில் ஒரு கோப்பையில் 250 மி.லி. தண்ணீர் வையுங்கள். முழு ஆற்றலில் 1 நிமிடம். தண்ணீர் வெதுவெதுப்பாகிப் பாத்திரம் குளிர்ந்தே இருந்தால் நுண்ணலைக்கு ஆகும். பாத்திரம் சுட்டால் ஒதுக்கிவிடலாம். தண்ணீர்க் கோப்பையை மறந்துவிட்டுச் சோதிக்காதீர்கள். அது காலி அடுப்பை ஓட்டுவதற்குச் சமம்.

கிரில்லுக்குக் ‘கணப்பு’ என்பேன். குளிர்காய்கிறவருக்கு நெருப்பைப் பார்த்த பக்கம்தான் சுடும். கிரில்லும் அதேதான், மேற்புறம் மட்டும் சிவக்கும்.

———

கணப்புக்கு என் வாக்கு. ‘அனல்’ என்று வைத்தால் ‘அலை’யும் ‘அனலு’ம் ஒரே எழுத்தில் தொடங்கும், மங்கிய வெளிச்சத்தில் சிறிய எழுத்தில் மாறிப்போகும். அலை, கணப்பு, வெங்காற்று: முதலெழுத்து மூன்றும் மூன்று விதம்.

பழுதுபார்ப்புப் பக்கத்திலிருந்து சில சொற்கள், விளக்கத்தோடு.

கதவிலிருந்து தொடங்குவோம். ரப்பர்தான் அலையை அடைக்கிறது என்று பலர் நம்புகிறார்கள். இல்லை. கதவுச் சட்டகத்துக்குள் சுற்றிலும் ஒரு பள்ளம் இருக்கிறது. அதன் ஆழம் அலைநீளத்தில் கால் பங்கைக் கணக்கிட்டு, அதாவது சுமார் 3 செ.மீ.யை ஒட்டி, அமைக்கப்பட்டது. இடுக்கு வழியே தப்பும் அலை அதற்குள் போய்த் திரும்பி வந்து, தன்னையே மறித்துக்கொள்கிறது. இதை ‘அலைமறி பள்ளம்’ எனலாம். இது வேலை செய்யக் கதவு கோணாமல் உட்கார வேண்டும். கதவைப் பிடித்துத் தொங்குவது, திறந்த கதவின் மேல் கனமான பாத்திரத்தை இறக்கி வைப்பது, விளிம்பில் உணவுத்துகள் சேரவிடுவது மூன்றும் இடைவெளியை உண்டாக்கும். கசிவின் உச்சவரம்பு, மேற்பரப்பிலிருந்து 5 செ.மீ. தூரத்தில் சதுர செ.மீ.க்கு 5 மில்லிவாட். செல்பேசியை உள்ளே வைத்து அழைத்துப் பார்க்கும் சோதனை எதையும் நிரூபிக்காது. செல்பேசி மிக மிக மெல்லிய அலையைக்கூடப் பிடித்துவிடும். அது ஒலிப்பதால் அடுப்பு கசிகிறது என்று ஆகாது.

‘இன்டர்லாக்’குக்கு ‘இடைப்பூட்டு’. கதவுக்குள் பொதுவாக மூன்று நுண்விசைகள் (மைக்ரோ சுவிட்சுகள்) இருக்கும். இரண்டு, கதவு திறந்ததும் மின்னோட்டத்தை வெட்டும். மூன்றாவது காவல்காரன்: முதலிரண்டும் ஒட்டிக்கொண்டு வெட்டத் தவறினால், குறுக்குச்சுற்று உண்டாக்கி ஃபியூஸை எரித்துவிடும். கதவைத் திறக்கும் நொடியில் ஃபியூஸ் போனால் ஃபியூஸை மட்டும் மாற்றி ஓட்டக் கூடாது. நுண்விசைகள்தான் பழுது. ‘தடித்த’ ஃபியூஸ் போட்டுச் சமாளிப்பதைவிட ஆபத்தான வேலை இந்தப் பெட்டியில் இல்லை.

பக்கச்சுவரில் சாம்பல் அல்லது பழுப்பு நிறத்தில் அட்டை போல ஒரு தகடு தெரியும். அது மைக்கா, மேக்னட்ரானிலிருந்து அலை வரும் வாய்க்கு மூடி. ‘அலைவாய் மூடி’ என்று வைக்கலாம். பேக்கிங் அட்டை என்று நினைத்து இதைப் பிய்த்து எறிவோர் உண்டு! எண்ணெய் தெறித்து அதன்மேல் கருகினால் கரி மின்னைக் கடத்தும், பொறி பறக்கும், ஓட்டை விழும். ஈரத்துணியால் மென்மையாகத் துடைத்தால் போதும். கருகியிருந்தால் அதே அளவில் புதிய தகட்டைப் பொருத்தும் வரை அடுப்பை ஓட்டாதீர்கள்.

வெளிக்கூட்டைக் கழற்றுவது வீட்டு வேலை இல்லை. மின்மாற்றி சுமார் 2000 வோல்ட் தரும். மின்தேக்கியும் டையோடும் சேர்ந்து மேக்னட்ரானுக்கு 4000 வோல்ட் வரை ஏற்றுகின்றன. மின்செருகியைப் பிடுங்கிய பிறகும் மின்தேக்கியில் மின்னூட்டம் தங்கியிருக்கலாம். அதை வடிக்க ஒரு மின்தடை வைத்திருப்பார்கள்தான், ஆனால் அது அறுந்துபோயிருந்தால் வெளியே தெரியாது.

உள்ளறையில் பூச்சு உரிந்து துரு தெரிந்தாலும் அங்கே பொறி வரும். இரும்பு நாரால் தேய்த்தால் பூச்சும் போகும், உதிர்ந்த இழையும் பொறி கக்கும். 250 மி.லி. தண்ணீரில் ஒரு மேசைக்கரண்டி வினிகர் அல்லது அரை எலுமிச்சையின் சாறு, அதில் ஒரு மரக்குச்சி. நுண்ணலையில் 4 நிமிடம் ஓட்டி, திறக்காமல் 5 நிமிடம் விட்டால் ஆவி படிந்து அழுக்கு நெகிழும். பிறகு துணியே போதும். குச்சியை விட்டுவிடாதீர்கள். வழவழப்பான கோப்பையில் தண்ணீர் 100 டிகிரியைத் தாண்டியும் கொதிக்காமல் அமைதியாக நிற்கும். கை பட்டதும் பொங்கி முகத்தில் அடிக்கும். இதற்கு ‘மிகைச்சூடு’ என்பார்கள். ‘கொதிமறைவு’ இன்னும் எச்சரிக்கையாக ஒலிக்கும் என்று தோன்றுகிறது.

———

கொதிமறைவு அருமை, எடுத்துக்கொள்கிறேன். டர்ன்டேபிளுக்கு ‘சுழல்தட்டு’ ஏற்கெனவே வழக்கில் இருப்பதால் விவாதம் வேண்டாம்.

ஸ்டாண்டிங் டைமுக்கு ‘ஆறுநேரம்’ என்று எழுதியிருந்தேன், ஆறு மணிநேரமா என்று கேள்வி வந்தது. ‘புழுங்குநேரம்’ எப்படி? மூடியோடு அப்படியே வைத்துவிட்டால் உள்சூட்டில் வேக்காடு தொடரும், வெளிச்சூடு நடுவுக்குப் பரவும். இதைச் சும்மா காத்திருப்பதாக நினைத்து விட்டுவிடுவதால்தான் ஓரம் கொதித்து நடு சில்லென்று இருக்கிறது.

பிரிஹீட்டுக்கு ‘முன்சூடு’. ‘முன்காய்ச்சல்’ என்றால் மருத்துவரைத் தேடுவார்கள். வரைவு வரிகள்:

“முன்சூடு வெங்காற்று முறைக்கு மட்டும் உரியது. அலை உள்ள எந்த முறையிலும் அடுப்பைக் காலியாக இயக்காதீர்கள். உறிஞ்ச உணவு இல்லாத அலை திரும்பி மேக்னட்ரானைச் சூடாக்கும்.”

“வெங்காற்று முறையில் அடுப்பு 2000 வாட்டுக்கு மேல் இழுக்கக்கூடும். நீட்டிப்புக் கம்பியில் இணைக்காதீர்கள். காற்றுத்துளைகளை மறைக்காதீர்கள், மேலே துணி போடாதீர்கள்.”

“வெங்காற்றில் சமைத்தவுடன் சுழல்தட்டைக் குளிர்ந்த நீரில் நனைக்காதீர்கள்.”

“உள்ளே தீ தெரிந்தால் கதவைத் திறக்காதீர்கள். நிறுத்தி, மின்னிணைப்பைத் துண்டித்து, தீ அடங்கும்வரை காத்திருங்கள்.”

“கதவைத் திறந்ததும் அடுப்பு அணைந்துவிடும்.”

———

கடைசி வரியைத் திருத்துங்கள், அம்மா. அணைவது அலையும் சூடேற்றியும்தான். வெங்காற்றுக்குப் பிறகு குளிர்விசிறி சில நிமிடம் தானாக ஓடும். ‘அணைந்துவிடும்’ என்று படித்தவர் சத்தத்தைக் கேட்டுப் பழுது என்று நினைத்துச் செருகியைப் பிடுங்குவார். வடியாத சூடு மின்னணுப் பலகைக்கு ஏறும். “கதவைத் திறந்ததும் சூடேற்றல் நிற்கும். விசிறி ஓடினால், தானாக நிற்கும்வரை மின்னிணைப்பைத் துண்டிக்காதீர்கள். தீப்பிடித்தால் மட்டும் உடனே துண்டியுங்கள்.”